ஐந்து இருக்கை ரேடியோ

ஓட்மார் ஹேஃபலேயின் கார் ஷெட்டில் இருந்த ரேடியோ, ஒரு வியாழக்கிழமை காலை, "நாளை நெக்கார் பள்ளத்தாக்கில் பரவலாக" என்று சொல்லிவிட்டு உயிரை விட்டது. பரவலாக என்ன? மழையா, வெயிலா, ஆலங்கட்டியா? சொல்லவில்லை. ஓட்மார் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளேயிருந்து இரண்டு கை கொள்ளும் மரத்தூளும், ஒரு திருகாணியும், உலர்ந்துபோன ஒரு சிலந்தியும் அதன் மூன்று தலைமுறையும் கொட்டின. ரேடியோ மட்டும் பேசவில்லை.

வேறொருவராக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஓட்மாரால் முடியாது. அவர் வாழ்நாள் முழுக்கச் சத்தத்தில் ஊறிய மனிதர். பாத்திரங்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில், இரும்பை அப்பளமாக நசுக்கும் யந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். அங்கே ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவருக்கு அது கண்ணால் பார்த்துத்தான் தெரியும். யார் வந்து எதைச் சொன்னாலும் ஓட்மார் பொறுமையாகத் தலையாட்டுவார். ஒரு சொல்லும் காதில் விழுந்திருக்காது. இதனாலேயே ஆலையில் இவரைப்போல மனம்விட்டுப் பேசத் தகுந்த ஆள் இல்லை என்று பெயர். இவர் தலையாட்டியதை நம்பி இரண்டு பேர் கல்யாணமே செய்துகொண்டார்கள். அதில் ஒருவர் இன்னும் இவரோடு பேசுவதில்லை.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோதுதான் அவருக்கு அந்த உண்மை தெரிந்தது: வீடு இர்ம்கார்டின் தொலைபேசிக்குச் சொந்தம். மனைவி இர்ம்கார்டுக்கு மூன்று அக்காமார், ஒரு தம்பி, ஒரு மகளிர் உடற்பயிற்சிச் சங்கம். காலையில் எடுத்த தொலைபேசியைச் சூப்பு பொங்கும்போதுதான் வைப்பார். சமையலறையில் உட்கார்ந்தால் அக்காவின் முழங்கால், கூடத்தில் உட்கார்ந்தால் சங்கச் செயலாளரின் விவாகரத்து. ஓட்மாருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அறை கார் ஷெட். காரை மழைக்கும் பனிக்கும் கொடுத்துவிட்டு ஷெட்டைத் தான் எடுத்துக்கொண்டார். அந்தத் தெருவில் எல்லா ஆண்களும் செய்வது அதுதான். ஷெட்டுக்குள் கார் வைத்திருக்கும் வீட்டைப் பார்த்தால், பாவம், குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்பார்கள்.

அங்கே அவர் பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி செய்தார். செய்தார், செய்தார், செய்துகொண்டே இருந்தார். ஹின்டர்பாக் ஊரில் இப்போது பறவைகளைவிடப் பெட்டிகள் அதிகம். ஒவ்வொரு சிட்டுக்கும் குடியிருக்க ஒன்று, மாமியார் வந்தால் தங்கவைக்க ஒன்று, வாடகைக்கு விட ஒன்று.

ரேடியோ செத்த மறுநாள்தான் ஷெட்டின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்பது தெரிந்தது. சமையலறைச் சுவர் வழியாக அக்காவின் முழங்கால் மெல்ல நடந்து வந்தது. வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள் ஃப்ராவ் மோக் துடைப்பத்தால் வாசலைச் சுரண்டுவது கேட்டது. இரண்டும் நின்றால் அவருடைய சொந்த முழங்கால் கேட்டது. கை ஓடவில்லை. சிட்டுக்கென்று போட்ட துளையில் ஆந்தையே குடித்தனம் வைக்கலாம் போலிருந்தது.

சனிக்கிழமை இர்ம்கார்டின் தம்பி கெப்ஹார்ட் பருப்பும் நூடுல்ஸும் தொத்திறைச்சியும் சாப்பிட வந்தான். ஓட்மார் பேச்சோடு பேச்சாக, "ஷெட்டுக்கு ஏதாவது பாட்டுப் பெட்டி வாங்கலாம்னு இருக்கேன், மச்சான். சும்மா, எளிமையா" என்று சொல்லிவிட்டார்.

கெப்ஹார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் வீட்டில் ஒரு அறை முழுக்க ஒலிப்பெட்டிகள். ஒவ்வொன்றும் கதவளவு உயரம். ஒயர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயளவு தடிமன். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து தலையை அசைக்காமல் கேட்டால்தான் சங்கீதம், அசைத்தால் இரைச்சல். அவன் மனைவி அந்த அறைக்குள் போய்ப் பல காலம் ஆகிறது. ஒரு நாற்காலிதானே.

"எளிமையாத்தான் சொல்றேன், அத்தான்" என்றான். "ரெண்டு ஸ்பீக்கர், ரெண்டுக்கும் தனி ஸ்டாண்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர். உங்க ஷெட்டு கான்கிரீட்டு. சத்தம் பந்து மாதிரி எகிறும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டணும். தரைக்குக் கம்பளம். மரத்தூள் ஒரு துளி ஆகாது."

"மரத்தூள் இல்லாம எப்படிடா? அது மரவேலை பண்ற இடம்."

"பாட்டு ஓடும்போது ரம்பத்தை நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு?"

"உக்காந்து கேளுங்க!"

"உக்காந்து கேக்கறதுக்கு அவருக்கு ஷெட்டு எதுக்கு?" என்றார் இர்ம்கார்ட், இன்னொரு கரண்டி பருப்பை வைத்தபடி. "இங்கயே உக்காரலாமே. நான் பேசறதைக் கேக்கலாமே."

அன்று ஓட்மார் தொத்திறைச்சியை வேகமாக முடித்தார்.

திங்களன்று மாவட்டத் தலைநகருக்குப் போனார். மின்கடையில் தாடியை முடிச்சுப் போட்டிருந்த ஓர் இளைஞன் அவரிடம் உருண்டையான ஒரு பெட்டியைக் காட்டினான். "இதுதான் இருக்கறதுலயே எளிமை. ஒயரே இல்லை. நீங்க வாயைத் திறந்து கேட்டா அது பதில் சொல்லும்."

"கேக்கலைன்னா சும்மா இருக்குமா?"

"நீங்க பேசறதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும்."

"அந்த வசதி எங்க வீட்ல ஏற்கனவே இருக்கு" என்றார் ஓட்மார்.

அடுத்ததற்கு ஃபோன் வேண்டும், கடவுச்சொல் வேண்டும், மாதா மாதம் சந்தா வேண்டும். அதற்கடுத்தது குளிக்கும்போது கேட்பதற்கு. இப்படிக் கடையின் ஓரம்வரை வந்தபோது அதைப் பார்த்தார். கட்டட வேலைக்காரர்கள் சாரத்தில் மாட்டிவைக்கும் ரேடியோ. மஞ்சள் நிறம். நான்கு மூலையிலும் ரப்பர். முகத்துக்கு இரும்புக் கம்பி. மாடியிலிருந்து விழுந்தாலும் பாட்டை நிறுத்தாது. தூசியைக் கண்டால் தும்மாது. அவருடைய துளைக்கருவியின் பேட்டரியையே அதற்கும் மாட்டலாம். கையுறை போட்ட கையாலும் திருகுகிற மாதிரி ஆப்பிளளவு ஒரு குமிழ்; சுற்றிலும் இருபதுவரை எண்கள். பெண் பார்க்கப் போன அன்றுகூட ஓட்மாரின் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"இருபதுல வெச்சா என்ன ஆகும்?"

"பக்கத்து ஊர் வரைக்கும் கேக்கும்."

"பக்கத்து ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதே."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பணம் கட்டும் வரிசையிலும் நின்றுவிட்டார். முன்னால் ஒரே ஒரு கிழவி. அந்தக் கிழவி பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவருக்குள் ஒரு கேள்வி முளைத்தது. சிக்கனத்துக்குப் பெயர்போன ஸ்வாபிய மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டுமே முளைக்கும் கேள்வி. குடியிருப்புத் தெருவில், ஷெட்டுக்குள், எத்தனை வரை சத்தம் வைக்க அனுமதி? ஒருவேளை எட்டுவரைதான் என்றால், மீதிச் சத்தத்துக்கும் சேர்த்து எதற்குக் காசு கொடுப்பது? வைக்கக் கூடாத சத்தத்தை விலைக்கு வாங்கி வீட்டில் பூட்டிவைப்பது, திராட்சைத் தோட்டத்தை வாங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பதைப் போல அல்லவா?

ரேடியோவை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு, தாடிக்காரனிடம் அனுமதி கேட்டுவருவதாகச் சொல்லி, நேரே ஹின்டர்பாக் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி ஊதுவதற்கு முன்னால் அனுமதி கேட்கப் போனார்.

கட்டடப் பிரிவில் அதிகாரி ஹெர் டிரவுட்வைன் இருந்தார். நல்ல மனிதர். மெலிந்தவர். யாரும் எதையும் கேட்டு வராத ஊரில் கேள்விக்காகக் காத்திருந்தே காது நீண்டுபோனவர். ஓட்மாரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஷெட்டுக்குள்ள ரேடியோ எவ்வளவு சத்தமா வைக்கலாம்னு தெரிஞ்சுக்கணும், ஹெர் டிரவுட்வைன்."

"நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. யாருமே கேட்டதில்லை." பேனாவைத் திறந்தார். "எந்த நேரத்துல?"

"காலையிலேருந்து. மத்தியான ஓய்வு நேரத்துல கிடையாது. ஞாயிறு கிடையவே கிடையாது."

"அப்படித்தான் இருக்கணும். ஷெட்டுக்குள்ள எதுக்கு ரேடியோ?"

"வேலை செய்யும்போது கேக்க."

"என்ன வேலை?"

"மரவேலை. பட்டறை வெச்சிருக்கேன், துளை போடற யந்திரம், ரம்பம்…"

டிரவுட்வைனின் பேனா நின்றது. "கார்?"

"கார் தெருவுல நிக்குது."

சுவர்க் கடிகாரம் மட்டும் தன் கடமையைச் செய்தது.

"ஹெர் ஹேஃபலே" என்றார் டிரவுட்வைன், இழவு வீட்டில் பேசுகிற குரலில், "கார் ஷெட்டுங்கறது கார் நிறுத்தறதுக்கு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. பட்டறை போட்டுக் காரைத் தெருவுல நிறுத்தக் கூடாது."

"நம்ம தெருவுல எல்லாரும் அப்படித்தானே…"

"சொல்லாதீங்க!" டிரவுட்வைன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "அவங்க யாரும் என்கிட்ட வந்து கேக்கலை. நீங்க கேட்டுட்டீங்க. கேட்டதுக்கப்புறம் நான் தெரியாத மாதிரி இருக்க முடியுமா? அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வந்து பாப்பேன். கார் உள்ள இருக்கணும். இல்லைன்னா பட்டறையைக் காலி பண்ணணும்."

"சத்தம்? எத்தனை வரைக்கும்?"

"கார் உள்ள வரட்டும். அப்புறம் அதைப் பேசுவோம்."

இர்ம்கார்ட் கதையைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் இருந்த அக்காவிடம், "ஒரு நிமிஷம் இரு, இங்க ஒரு அதிசயம்" என்று சொல்லி, ஒலிவாங்கியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"ஏன் ஓட்மார், திருடன்கூட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எந்த ஜன்னல் வழியா ஏறலாம்னு கேக்க மாட்டானே. நீ கேப்பியா?"

"நான் சத்தத்தைப் பத்தித்தான் கேட்டேன்."

"கேட்டல்ல, இப்ப சத்தமே இல்லை பாரு." பிறகு கணவனின் முகத்தைப் பார்த்து மனம் இளகினார். அந்த இளக்கம்தான் ஓட்மாரை உண்மையில் கதிகலங்க வைத்தது. "சரி, கவலைப்படாத. கீழறையில என் ஜாம் அலமாரிக்குப் பக்கத்துல ஒரு மூலை தரேன். சின்ன மேசை போட்டுக்கோ. நேரா சமையலறைக்குக் கீழதான். நான் கூப்பிட்டா நல்லா கேக்கும்."

அன்றிரவு ஓட்மார் கனவில் செர்ரி ஜாம் புட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மேலே கூரை முழுக்க முழங்கால்கள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். ஷெட்டு அவர் அப்பா கட்டியது. அந்தக் காலத்துக் கார்கள் ஒல்லி. ஊரோடு சேர்ந்து கார்களும் தின்று கொழுத்துவிட்டன. ஓட்மாரின் கார் வேறு, மூட்டை முடிச்செல்லாம் ஏற்றுகிற நீளப் பின்புறக்காரி. பட்டறை மேசையின் கால்களை அறுத்து, கீல் வைத்து, சுவரோடு மடிகிற மாதிரி செய்தார். துளை யந்திரத்துக்குச் சக்கரம் போட்டார். ரம்பங்களைக் கூரையில் தொங்கவிட்டார். மிச்சமிருந்த கூட்டுப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபோது பறவைகளுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பே எழும்பியது. ரேடியோ இல்லை, ஆனால் ஒரு துளைகூட இடம் மாறவில்லை. பயத்தின் இரைச்சலே போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு காலை ஃப்ராவ் மோக், துடைப்பத்தோடு ஷெட்டு வாசலில் வந்து நின்றார். இத்தனை வருடமும் ரேடியோவைத் தணித்தே வைத்ததற்குக் காரணமே இந்த அம்மாள்தான். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துக் கூட்டும் அந்தத் தெருவில், யார் எந்தச் சனிக்கிழமை வாசலைக் கூட்டவில்லை என்பதைக் கல்வெட்டைப்போல ஞாபகம் வைத்திருப்பவர்.

"ஹெர் ஹேஃபலே, உங்க ரேடியோவுக்கு என்ன கேடு?"

"செத்துப்போச்சு, ஃப்ராவ் மோக். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"தொந்தரவா? பன்னிரண்டு மணிச் செய்திக்கு முன்னாடி அதுல ஒரு மணி அடிக்கும்ல, அதைக் கேட்டுத்தான் நான் நூடுல்ஸைத் தண்ணியில போடுவேன். அது நின்னதுலேருந்து என் வீட்ல கஞ்சிதான். என் வீட்டுக்காரர் இருந்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பார். நல்ல வேளை, செத்துட்டார்."

ஓட்மார் உளியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நீங்க அதைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"திட்டினேனா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? திட்டலைன்னா பாராட்டுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா? இதே ஊர்லதானே பிறந்தீங்க." இரண்டு அடி போய்த் திரும்பினார். "அடுத்ததைக் கொஞ்சம் சத்தமா வாங்குங்க."

ஆக, உலகத்தில் ஒரே ஒரு ஆள் ஆட்சேபிப்பார் என்று பயந்து, ஆட்சேபிக்கவே மாட்டாத அந்த ஆளுக்காக அலுவலகம் போய், அங்கே ஆட்சேபிக்க வேண்டிய ஒரே ஆளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார் ஓட்மார். இதைப் புரிந்துகொண்டபோது அவருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நாற்காலியையும் கூரையில் தொங்கவிட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. டிரவுட்வைன் அளவுநாடாவோடு வந்தார். இர்ம்கார்ட் வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டியும் காபியும் தட்டில் வைத்துக்கொண்டு, ஏதோ நிச்சயதார்த்தம் போல நின்றார். கெப்ஹார்ட் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். ஃப்ராவ் மோக்கிற்கு அன்று வேலிக்கு அருகில்தான் கூட்ட வேண்டியிருந்தது.

"வா, வா… இடது, இடது… உன் இடது இல்லை, என் இடது!" என்று இர்ம்கார்ட் கத்த, ஓட்மார் காரின் பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு, மூச்சையும் இழுத்துக்கொண்டு, காரை உள்ளே நுழைத்தார். ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும் பேச்சு பைபிளில் உண்டு. இது ஹின்டர்பாக்கில் நடந்தது. அடுக்குமாடிப் பறவைக் குடியிருப்பு ஒருமுறை சிலிர்த்து நின்றது. எஞ்சினை அணைத்தார்.

டிரவுட்வைன் முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார். "உள்ள இருக்கு" என்றார், ஏறக்குறைய வருத்தத்தோடு. "வெளிய வாங்க, ஹெர் ஹேஃபலே, கையெழுத்துப் போடணும்."

ஓட்மார் கதவைத் திறந்தார். கதவு உள்ளங்கை அகலம் திறந்து, மடித்த பட்டறையில் முட்டி நின்றது. அந்தப் பக்கத்துக் கதவு துளை யந்திரத்தில் முட்டியது. அவருடைய வயிறோ உள்ளங்கை அகலத்துக்குள் அடங்குகிற வயிறில்லை.

"வெளிய வர முடியலையே! அப்ப இது செல்லுமா?" என்றான் கெப்ஹார்ட்.

இர்ம்கார்ட் தம்பியின் காலை மிதித்தார். ஆனால் கேள்வி பிறந்துவிட்டது. டிரவுட்வைன் கண்ணை மூடி, சட்டத்தை முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டினார். "கார் உள்ள வரணும்னுதான் இருக்கு" என்றார் கடைசியில். "ஓட்டினவர் வெளிய வரணும்னு எங்கயும் இல்லை."

காருக்குள் அகப்பட்ட மனிதருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னலை இறக்கினார். வெட்கத்தில் எதையாவது திருகலாம் என்று எதிரே இருந்த குமிழைத் திருகினார். நான்கு கதவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில், தெளிவாக, "பரவலாக வெயில்" என்றது ரேடியோ. பிறகு பித்தளை வாத்தியங்கள் எழுந்தன. கான்கிரீட்டுச் சுவர்கள் அதை வாங்கி, கூட்டுப்பெட்டிகளுக்குக் கொடுத்து, அவை தத்தம் துளைகள் வழியே முனகித் திருப்பின. கெப்ஹார்ட் வாயைப் பிளந்தான்.

"அத்தான்… தலையை அசைக்காம உக்காந்திருக்கீங்களா?"

"அசைக்க எங்கடா இடம்?"

"நாலு ஸ்பீக்கர்! நடுவுல நாற்காலி! கடவுளே, நான் எவ்வளவு செலவழிச்சேன்!"

டிரவுட்வைன் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஜன்னலருகே குனிந்தார். காத்திருந்த அந்தக் காதுகள் இன்னும் கொஞ்சம் நீண்டன. "சத்தத்தைப் பத்தி ஏதோ கேக்கணும்னீங்களே, ஹெர் ஹேஃபலே."

தொண்டைவரை வந்தது. எத்தனை வரைக்கும்? காரை எப்போதும் உள்ளேயே வைக்க வேண்டுமா? பகலில் வெளியே எடுத்துவிட்டு வேலை செய்யலாமா? மூன்று கேள்விகளும் உதட்டில் வந்து வரிசையாக நின்றன. ஓட்மார் அந்த மெலிந்த, நல்ல, ஆசைமிக்க முகத்தைப் பார்த்தார்.

"காபி ஆறுது, ஹெர் டிரவுட்வைன்" என்றார்.

டிரவுட்வைன் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார். இரண்டு பிரெட்செல் சாப்பிட்டார். கிளம்பும்போது இர்ம்கார்டிடம், "நான் பாத்தப்ப கார் உள்ள இருந்துச்சு. நான் பாக்காதப்ப எங்க இருக்கும்னு நான் எப்படிம்மா பாக்க முடியும்?" என்று தத்துவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகுதான், பாட்டுக்கே பேட்டரி தீர்ந்து கார் கிளம்ப மறுத்துவிட்டதால், ஓட்மாரை டிக்கி வழியாக, கால் முதலில் வர, மூன்று பேரும் சேர்ந்து பிரசவித்தார்கள்.

இப்படியாகப் பட்டறை பிழைத்தது. காலையில் காரைப் பின்னுக்கு எடுத்து, மூக்கு மட்டும் ஷெட்டு வாசலைத் தொடுகிற மாதிரி நிறுத்துவார். நான்கு கதவுகளையும் கோழி வெயிலில் சிறகு விரிப்பதுபோலத் திறந்துவைப்பார். பட்டறையை இறக்கி, ரேடியோவைப் போட்டு, வேலையைத் தொடங்குவார். ஒயர் வாங்கவில்லை, ஸ்டாண்டு வாங்கவில்லை, முட்டை அட்டை ஒட்டவில்லை. இதைவிட எளிமையான ஏற்பாட்டை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஒரே ஒரு குறை. அதில் ஐந்து இருக்கைகள் இருந்தன.

முதல் வாரமே கெப்ஹார்ட் பின் இருக்கைக்கு வந்துவிட்டான். "நீங்க வேலையைப் பாருங்க அத்தான், நான் கண்டுக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரம்பம் ஓடும்போதெல்லாம் "உஷ்!" என்றான். அடுத்த வாரம் இர்ம்கார்ட், "அடுப்படியைவிட இந்த சீட்டு முதுகுக்கு நல்லாருக்கு" என்று கண்டுபிடித்து, கம்பளிப் போர்வையும் ஒயரில்லாத் தொலைபேசியுமாக முன் இருக்கையில் குடியேறினார். அக்காவின் முழங்கால் இப்போது சுவரைத் தாண்டி வரச் சிரமப்பட வேண்டியதில்லை. நேராக ஜன்னல் வழியாக வந்தது. நண்பகலில் ஃப்ராவ் மோக் வேலிக்கு மேலே கரண்டியை நீட்டி, "மணிக்கு இன்னும் கொஞ்சம் ஏத்துங்க!" என்பார். மழை பெய்தால் அவரும் உள்ளே ஏறிக்கொள்வார், நூடுல்ஸ் பானையோடு. ஞாயிறன்று ரம்பத்துக்கு ஓய்வு. எல்லோரும் வாசலிலேயே ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தி, ஷெட்டுக்குள் ஓட்டிப்போய், ஆராதனையும் சங்கீதமும் கேட்டபடி இனிப்புப் பின்னல் ரொட்டி சாப்பிடுவார்கள். அந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு குறைவாக ஓடி இவ்வளவு பேரை ஏற்றியதில்லை. பேட்டரி வாரம் ஒருமுறை தீர்ந்தது. பேச்சு தீரவில்லை.

சிட்டுக்கென்று போட்ட துளைகள் மறுபடி ஆந்தைக்குப் பொருத்தமாயின.

ஒரு செவ்வாய்க்கிழமை, "உப்புத்தாள் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓட்மார் பேருந்தில் ஏறினார். கார் நிரம்பியிருந்தது. மஞ்சள் ரேடியோ அதே ஓரத்தில், அவர் வைத்த அதே கோணத்தில் இருந்தது. முடிச்சுத் தாடிக்காரன், "அனுமதி கிடைச்சுதா?" என்றான். ஓட்மார் அவனை அந்நியனைப் போலப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டினார். இருபதுக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து தோட்டத்துப் பக்கமாக நுழைந்தார். ஷெட்டில் சிம்ஃபனியும் விவாகரத்தும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. கீழறைக்கு இறங்கினார். செர்ரி, பிளம், நெல்லி என்று புட்டிகள் அணிவகுத்து நின்றன. அலமாரிக்குப் பக்கத்து மூலை, கூட்டித் துடைத்து, காலியாக இருந்தது. மேலே சமையலறை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு முழங்கால்கூட இல்லை. தொலைபேசிதான் காரில் இருக்கிறதே.

ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலேயே துளைக்கருவியிலிருந்து கழற்றிப் பையில் வைத்திருந்த பேட்டரியை ரேடியோவில் மாட்டினார். குமிழை எட்டில் வைத்து, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஏழுக்கு இறக்கினார். ஒரு பலகையை மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

கோடை முழுக்க அந்த ரகசியம் நிலைத்தது என்று அவர் நம்பினார். ஒரு நாள் இர்ம்கார்ட் செர்ரி ஜாம் எடுக்க இறங்கி வந்தார். மஞ்சள் பெட்டியைப் பார்த்தார். தரையில் மரத்தூளைப் பார்த்தார். புட்டிகளின் தோளில் மரத்தூளைப் பார்த்தார். ஓட்மார் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, வரப்போகும் வசவுக்காகத் தலையைக் குனிந்தார்.

இர்ம்கார்ட் ஒரு புட்டியை எடுத்து சமையல் ஏப்ரனால் துடைத்தார்.

"இந்த வாரம் வாசல் கூட்டறது நம்ம முறை" என்றார். "மறந்துடாத. மோக் பாத்துக்கிட்டிருப்பா."

படியேறிப் போய்விட்டார். ஒரு வசவு இல்லை. மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஓட்மார் காத்திருந்தார். பிறகு குமிழை எட்டுக்கு ஏற்றினார்.